பரண்மேல் கிடக்கும் பழைய துப்பாக்கி வீட்டைக் காக்குமா?

உங்கள் வீட்டுப் பரணில், சாக்குத் துணியில் சுற்றிய நீளமான பொருள் ஒன்று கிடக்கிறதா? "பாட்டன் காலத்துத் துப்பாக்கி, திருட்டுப் பயத்துக்கு இருக்கட்டும்னு வெச்சிருக்கோம்" என்று உங்கள் வீட்டிலும் யாராவது சொல்வதுண்டா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

ரிஷிவந்தியம் பக்கத்துக் கிராமங்களில் பல வீடுகள் ஊரை விட்டுத் தள்ளி, கொல்லையிலும் வயல்காட்டிலும் இருக்கின்றன. மேற்கே கல்வராயன் மலைக்குப் போனால் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரு மேடே இருக்கும். இரவில் நாய் குரைத்தால் மனம் பதறுவது இயல்பு. அந்தப் பயத்தை யாரும் குறை சொல்லவில்லை. பரண்மேல் கிடக்கும் அந்தப் பொருள் அந்தப் பயத்துக்கு மருந்தா என்பதுதான் கேள்வி.

மூன்று வகைத் துப்பாக்கிகள்

பழைய துப்பாக்கி என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

முதலாவது, நாட்டுத் துப்பாக்கி. இரும்புக் குழாய், மரக்கட்டை, விசை, அவ்வளவுதான். குழாயின் வாய்வழியே கரிமருந்தைக் கொட்டி, நாரோ துணியோ வைத்துக் கம்பியால் இடித்து, மேலே குண்டு போடுவார்கள்.

இரண்டாவது, உரிமத்தோடு வாங்கிய ஒற்றைக் குழல் அல்லது இரட்டைக் குழல் துப்பாக்கி. அப்பாவோ தாத்தாவோ பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தபின் முறைப்படி வாங்கியிருப்பார். அவர் காலமாகிவிட்டார், துப்பாக்கி மட்டும் வீட்டிலேயே இருக்கிறது.

மூன்றாவது, ராணுவத்துக்கென்றே செய்த பழைய ஆயுதம். இரண்டு உலகப் போர்களிலும் பயன்பட்ட 303 ரைஃபிள், அந்தக் கால ராணுவ ரிவால்வர் போன்றவை. இவை வீடுகளில் மிக அரிது. இருந்தால் சிக்கலும் மிகப் பெரியது.

ஆபத்து நேரத்தில் கைகொடுக்குமா?

வாய்வழி மருந்து அடைக்கும் துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். அந்தக் காலத்தில் நன்கு பயிற்சி பெற்ற ஆங்கிலேயச் சிப்பாயே நிமிடத்துக்கு மூன்று முறைதான் சுட முடிந்தது. தூக்கத்திலிருந்து எழுந்து, இருட்டில், கை நடுங்க மருந்து அடைப்பவருக்கு எவ்வளவு நேரமாகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்குள் வந்தவன் வீட்டுக்குள் இருப்பான்.

"அதனாலதான் மருந்து அடைச்சே வெச்சிருக்கோம்" என்பார்கள் சிலர். அதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. கரிமருந்து ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் தேவைப்படும்போது வெடிக்காது. காய்ந்தபின், யாரோ பரணைச் சுத்தம் செய்யும்போது வெடிக்கும். குழாய்க்குள் மருந்து இருக்கிறதா இல்லையா என்பது வெளியே பார்த்தால் தெரியாது. துருப்பிடித்த குழாயாக இருந்தால், சுடும்போது பின்பக்கமே பிளந்து சுடுபவரின் கண்ணையும் கையையும் பதம் பார்த்துவிடும்.

தோட்டா போடும் ஒற்றைக் குழல் துப்பாக்கியும் அப்படித்தான். பல வருடம் கிடந்த அட்டைத் தோட்டா ஈரத்தில் ஊதிப்போய்க் குழலுக்குள் இறங்காது. இறங்கினாலும் வெடிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

303 ரைஃபிளின் கதை வேறு. அதன் குறிகாட்டியில் 2,000 கஜம் வரை அளவு இருக்கும். திறந்த போர்க்களத்துக்குச் செய்த அந்தக் குண்டு, ஓட்டு வீட்டுக்கும் மண் சுவருக்கும் நிற்காது. திருடனை நோக்கிச் சுட்டது, அடுத்த வீட்டுத் திண்ணையில் படுத்திருப்பவரைப் போய்ச் சேரலாம்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். திருடன் வருவது ஆயுளில் ஒரு நாள் நடக்கலாம், நடக்காமலும் போகலாம். ஆனால் அந்தத் துப்பாக்கியோடு ஒரே கூரையின் கீழ் குழந்தைகள் தினமும் விளையாடுகிறார்கள். குடித்துவிட்டு வருபவர் இருக்கலாம். கோபத்தில் சண்டை வரலாம். மனம் உடைந்து உட்கார்ந்திருப்பவர் இருக்கலாம். அந்த ஒரு நாளுக்காக மற்ற எல்லா நாளும் ஆபத்தை வீட்டுக்குள்ளே வைத்திருக்கிறோம்.

"பழசுதானே, வெடிக்காதே" என்றால் சட்டம் ஏற்குமா?

பலரும் தவறாக நினைப்பது இங்கேதான். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பழங்கால அல்லது பழுதான ஆயுதங்களுக்கு ஒரு விலக்கு தருகிறது. ஆனால் நிபந்தனையைக் கவனியுங்கள்: பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதைத் துப்பாக்கியாகப் பயன்படுத்தவே முடியாது என்ற நிலையில் இருக்க வேண்டும். ஆணி மாற்றினால், விசை பொருத்தினால் வெடிக்கும் என்றால் அது துப்பாக்கிதான். அதை முடிவு செய்வதும் நீங்களோ உள்ளூர் பட்டறைக்காரரோ அல்ல.

உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறையும் அபராதமும் உண்டு. ராணுவத் தோட்டா பாயும் 303 ரைஃபிள் போன்றவை 'தடை செய்யப்பட்ட ஆயுதம்' என்ற வகையில் வரும். அவற்றை வைத்திருந்தால் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் 14 ஆண்டு. "எங்க தாத்தா வெச்சது, எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்பிப்பது எளிதல்ல.

உங்கள் வீட்டில் இருந்தால் என்ன செய்யலாம்?

முதல் வேலை: தொடாதீர்கள். மருந்து அடைத்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். விசையை இழுத்துப் பார்ப்பது, மருந்தைக் குத்தி எடுப்பது, அடுப்புப் பக்கம் வைப்பது எதுவும் வேண்டாம். துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிப் பேருந்திலோ வண்டியிலோ காவல் நிலையத்துக்குக் கொண்டு போகவும் வேண்டாம். உரிமமில்லாமல் எடுத்துச் செல்வதே குற்றம். நிலையத்துக்குத் தகவல் சொல்லி, எப்படி ஒப்படைப்பது என்று கேளுங்கள்.

உரிமம் பெற்றவர் காலமாகிவிட்டால்: துப்பாக்கியைத் தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். ஒப்படைத்தால் உரிமை போய்விடும் என்று பயப்படாதீர்கள். வாரிசு தன் பெயரில் உரிமம் பெற்றுத் திரும்ப வாங்கலாம்; அல்லது உரிமம் உள்ள இன்னொருவருக்கு விற்றுப் பணம் பெறலாம். ஆனால் விதித்த காலத்தைக் கடத்தினால் அது அரசுடைமை ஆகலாம்.

வாரிசு உரிமத்துக்கு: மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபம் இல்லை என்ற கடிதம், பழைய உரிமப் புத்தகம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். உடல், மன நலச் சான்றும், துப்பாக்கியைப் பூட்டிப் பாதுகாப்பாக வைப்பேன் என்ற உறுதிமொழியும் தேவை. காவல் துறை விசாரணை நடக்கும். உரிமம் மறுக்கப்பட்டால் காரணத்தைக் கேட்கலாம், மேல்முறையீடும் உண்டு. உரிமதாரர் உயிரோடு இருக்கும்போதே, அவருக்கு 70 வயது ஆனாலோ துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, வாரிசுக்கு மாற்ற 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் இடம் தருகின்றன. பெரியவர் நல்ல நிலையில் இருக்கும்போதே இதை முடித்துவிட்டால் பின்னால் அலைச்சல் மிச்சம்.

உரிமமே இல்லாத நாட்டுத் துப்பாக்கி என்றால்: மலைக் கிராமங்களில் காவல் துறை அவ்வப்போது ஊர்க்கூட்டம் நடத்தி, தாமாக முன்வந்து ஒப்படைக்கச் சொல்வதுண்டு. அந்த வாய்ப்பைத் தவறவிடாதீர்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் ஊர்ப் பெரியவரையோ ஊராட்சித் தலைவரையோ கூட்டிக்கொண்டு போய்ப் பேசுங்கள். முதலில் சட்ட ஆலோசனை வேண்டுமா? 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அழையுங்கள். பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு.

303 போன்ற ராணுவ ஆயுதம் என்றால்: இதற்கு ஆட்சியர் அலுவலகத்தில் வழக்கமான உரிமம் கிடைக்காது. வழக்கறிஞரிடம் கலந்து பேசி, உடனே ஒப்படைப்பதுதான் ஒரே வழி.

"பன்றி வருதே, அதுக்கு என்ன செய்யறது?"

மரவள்ளியும் மக்காச்சோளமும் போட்டவர்களின் நியாயமான கேள்வி. பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து அடைக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்க ஆயுதச் சட்டமே வழி வைத்திருக்கிறது. ஆனால் அந்த உரிமம் காட்டு விலங்கைச் சுடும் அனுமதி ஆகாது; அதற்கு 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தனியாக இருக்கிறது. காட்டுப் பன்றியால் சேதம் என்றால் வனத்துறைக்கு எழுதிக் கொடுங்கள், இழப்பீடு கேளுங்கள். திருட்டு மின்வேலி, அவுட்டுக்காய் இரண்டும் வேண்டவே வேண்டாம். இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் மனிதருக்குத்தான் அவை முதலில் எமன்.

தற்காப்பு உரிமை எதுவரை?

உயிரையும் உடைமையையும் காத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டம் உங்களுக்குத் தந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது இருக்கிறது. இரவில் வீட்டை உடைத்து உள்ளே வருவது கடுமையான நிலையாகவே பார்க்கப்படும். ஆனால் தேவைக்கு மேல் தாக்கக் கூடாது. காவல் துறையை அழைக்க நேரமிருந்தும் அழைக்காமல் தாக்கக் கூடாது. ஓடிப்போகிறவனை முதுகில் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்று வாதாடுவது கடினம். தற்காப்பு என்று நீதிமன்றம் ஏற்றாலும்கூட, உரிமமில்லாத துப்பாக்கி வைத்திருந்த வழக்கு தனியாக நிற்கும்.

பின்னே வீட்டுக்கு எதுதான் காவல்?

திருடனுக்குப் பிடிக்காதவை மூன்று: வெளிச்சம், சத்தம், ஆள் நடமாட்டம்.

வாசலிலும் கொல்லைப்புறத்திலும் விளக்கு போடுங்கள். கதவுக்கு உள்தாழ்ப்பாள் இரண்டாக இருக்கட்டும். நகையை அரிசிப் பானையில் வைக்காமல் வங்கிப் பெட்டகத்தில் வையுங்கள். கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ வெளியூர் போவதானால் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். இரவு ரோந்து வருபவர்கள் உங்கள் வீட்டையும் பார்த்துக்கொள்வார்கள். அக்கம்பக்கத்து நான்கு வீடுகள் சேர்ந்து, சத்தம் கேட்டால் யார் யாருக்குப் போன் செய்வது என்று பேசி வையுங்கள். ஒரு விசில் போதும், தெருவே எழுந்துவிடும்.

அவசரம் என்றால் 100 அல்லது 112. தமிழ்நாடு காவல் துறையின் 'காவல் உதவி' செயலியைக் கைபேசியில் இறக்கி வைத்துக்கொண்டால், நீங்கள் இருக்கும் இடத்தோடு சேர்த்து உதவி கேட்கலாம். மலையில் சிக்னல் கிடைக்காத இடமென்றால், சிக்னல் கிடைக்கும் வீடு எது என்று இப்போதே தெரிந்து வையுங்கள்.

தாத்தாவின் நினைவாக வைத்துக்கொள்ள அவருடைய பட்டாளத்துப் படம் இருக்கிறது, பதக்கம் இருக்கிறது. அவற்றைச் சுவரில் மாட்டுங்கள். பரணில் இருப்பதை இந்த வாரமே கணக்குத் தீர்த்துவிடுங்கள். அதன்பின் பிள்ளைகள் பரணில் ஏறினால், விழுந்துவிடப் போகிறார்களே என்ற பயம் மட்டும் இருந்தால் போதும்.