சைலன்சரை வீட்டிலேயே மாற்றுமுன்

மண்ணூருக்கு அருகே, இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் தயாராகும் ஐ20 என் லைன் 2021இல் விற்பனைக்கு வந்தது. 998 சிசி டர்போ பெட்ரோல் இன்ஜின், 120 பிஎஸ் திறன். நிறுவனம் எடுத்துச் சொன்ன சிறப்புகளில் சைலன்சரின் ஒலியும் ஒன்று. அப்படிப்பட்ட காரை வாங்கியவருக்கு, அந்த ஒலி இன்னும் கொஞ்சம் கனமாக இருந்தால் என்ன என்று தோன்றுவது இயல்பு. இந்தப் பகுதியில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கும் பஞ்சமில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாம் என்று இறங்குகிறார்கள். எதைக் கழற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

நாம் மொத்தமாகச் சைலன்சர் என்று சொல்வது பல பாகங்கள் சேர்ந்தது. டர்போ காரில் இன்ஜினை விட்டு வெளியேறும் சூடான வாயு முதலில் டர்போவைச் சுழற்றுகிறது. பிறகு கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போகிறது. அங்கே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகப் பூச்சின் மேல் பட்டு, கார்பன் மோனாக்சைடு கார்பன் டை ஆக்சைடாகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகள் நைட்ரஜனாகப் பிரிகின்றன. அதன் பின்னால்தான் நீண்ட பைப்பும், ஒலியை அடக்கும் மஃப்ளரும், பின்பம்பருக்குக் கீழே தெரியும் முனையும் வருகின்றன.

கன்வர்ட்டரையும் அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் ஆக்சிஜன் சென்சார்களையும் தொடவே கூடாது. கன்வர்ட்டரை எடுத்துவிட்டால் பின்னாலுள்ள சென்சார் அதைக் கண்டுபிடித்து டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கை எரிய விடும். விளக்கை மென்பொருள் மூலம் அணைத்துவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. விளக்கு அணையும், புகையின் நஞ்சு குறையாது. அந்த வண்டிக்குப் பின்னால் பைக்கில் போகிறவரும், தெருவில் விளையாடும் குழந்தையும் அதைத்தான் சுவாசிப்பார்கள். மாற்றுவதென்றால் கன்வர்ட்டருக்குப் பின்னால் உள்ளதை மட்டும் மாற்ற வேண்டும்.

பின்பக்க பைப்பைப் பெரிதாக்கினால் பிக்கப் கூடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. டர்போ காரில் எவ்வளவு காற்றழுத்தம், எவ்வளவு இழுவிசை என்பதை இசியு என்ற இன்ஜின் கட்டுப்பாட்டுக் கணினி முடிவு செய்கிறது. அதை மாற்றாதவரை மஃப்ளரால் கிடைக்கும் கூடுதல் திறன் சொற்பம். காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் ஒலியைத்தான்.

சட்டம் கவனிப்பதும் அந்த ஒலியைத்தான். புதிய கார் மாடலுக்கு ஒலி எல்லை 74 டெசிபல். ஒரகடத்தில் உள்ள குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் போன்ற சோதனை நிலையங்கள்தான் மாடல்களைச் சோதித்துச் சான்று தருகின்றன. மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் காரை முழு ஆக்சிலரேட்டரில் ஓட்டி, பாதையின் நடுக்கோட்டிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி வைத்த மைக்கில் அளப்பது அந்தச் சோதனை முறை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ(4) பிரிவின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஒலி, புகை விதிகளை மீறி ஓட்டினால் 190(2) பிரிவும் சேரும். முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம் போடலாம். சத்தம் வேண்டுமென்றால் அதற்கான இடம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக். ஊருக்குள் ஓட்டக் கம்பெனி மஃப்ளரே போதும் என்பது என் கருத்து. டிராக்குக்காக மாற்றினாலும் கழற்றியதை எடைக்குப் போடாமல் பத்திரமாக வையுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். இன்ஜின் முழுதாக ஆறும் வரை பல மணி நேரம் காத்திருங்கள். மண் தரையில் ஜாக்கி புதையும். சிமென்ட் தரை வேண்டும். ஹேண்ட்பிரேக் போட்டு, முன்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, காரின் கையேட்டில் காட்டியுள்ள இடங்களில் மட்டும் ஜாக்கியை வையுங்கள். தூக்கியதும் இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு வைத்து, காரை லேசாக ஆட்டிப் பார்த்த பிறகே அடியில் போக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஹாலோ பிளாக்கை அடுக்கி முட்டுக் கொடுப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். அது முன்னறிவிப்பின்றி நொறுங்கும். உயிர் போகிற காரியம் அது.

துருப்பிடித்த நட்டுகளுக்கு முந்தின இரவே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிடுங்கள். ரப்பர் மவுண்ட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கிக்கொண்டு வரும். கழற்றும்போது மஃப்ளரின் பாரத்தை ஒருவர் தாங்க வேண்டும். ஆகவே துணைக்கு ஆள் அவசியம். பழைய கேஸ்கட்டைத் திரும்பப் போடாதீர்கள்.

புதியதை மாட்டும்போது எல்லா இணைப்புகளையும் முதலில் கையால் மட்டும் முறுக்கி நிறுத்துங்கள். பைப் எங்கும் உரசாமல் இருக்கிறதா, பிரேக் லைன், பெட்ரோல் டேங்க், பின் ஆக்சில் ஆகியவற்றிலிருந்து விலகி இருக்கிறதா என்று பார்த்து நேராக்கிவிட்டு, முன்னிருந்து பின்னாக டைட் செய்யுங்கள். வெப்பத் தகடு இடைஞ்சலாக இருக்கிறதென்று கழற்றி எறிய வேண்டாம். டேங்க்கைச் சூட்டிலிருந்து காப்பது அதுதான்.

திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்து, பைப் சூடேறுமுன் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. கசிவு காருக்குள் ஏறினால் தலைவலியாகத் தொடங்கி மயக்கத்தில் கொண்டுபோய் விடும். மூடிய ஷெட்டுக்குள் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. சூடேறி ஆறும்போது நட்டுகள் தளரக்கூடும். சில நாள் ஓட்டியபின், கார் ஆறியிருக்கும்போது மறுபடி ஸ்டாண்டில் ஏற்றி எல்லாவற்றையும் டைட் செய்யுங்கள். இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருந்தால் அங்கே கேஸ்கட் சரியாக உட்காரவில்லை. கழற்றி மாட்ட வேண்டும்.