வயசான பூனை வீட்டுக்குள் அசிங்கம் செய்கிறதா? அடிக்காதீங்க... மூட்டு வலியாக இருக்கலாம்

தாம்பரம்:
தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பகுதி அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்ப்பவர்கள், அது மலஜலம் கழிக்க மணல் டிரே வைக்கிறார்கள்.

இத்தனை வருஷம் ஒழுங்காக டிரேக்கு போன பூனை, வயசானதும் கட்டிலுக்கு அடியிலும் கால்மிதியிலும் போனால் அது திமிர் அல்ல. 12 வயதை தாண்டிய பூனைகளில் பெரும்பாலானவற்றுக்கு மூட்டு தேய்மானம் இருப்பது எக்ஸ்ரே ஆய்வுகளில் தெரிய வந்துள்ளது. உயரமான டிரேக்குள் காலை தூக்கி வைக்க முடியாமல் வெளியே போய் விடுகிறது. சிறுநீரக கோளாறு, சர்க்கரை நோய் இருந்தாலும் சிறுநீர் அதிகமாக வரும்.

டிரேயின் ஒரு பக்கத்தை தாழ்வாக வெட்டி, அது படுக்கும் இடத்துக்கு பக்கத்தில் வையுங்கள். மாடி வீடு என்றால் மேலே ஒன்று, கீழே ஒன்று. வாசனை இல்லாத பொடி மணல் நல்லது. தினமும் அள்ளி விட வேண்டும்.

பினாயில் ஊற்றி கழுவக்கூடாது. அது பூனைக்கு விஷம். வலிக்குதே என்று பாரசிட்டமால் கொடுக்கவே கூடாது. அரை மாத்திரையே உயிரை பறித்து விடும்.

ஆண் பூனை முக்கி முக்கி உட்கார்ந்தும் சிறுநீர் வராவிட்டால் அடைப்பு. ஓரிரு நாளில் உயிர் போய் விடும். விடியட்டும் என்று காத்திருக்காமல் பக்கத்தில் உள்ள கால்நடை டாக்டரிடம் தூக்கிக் கொண்டு ஓடுங்கள். மற்ற பரிசோதனைகளுக்கு, மின்சார ரெயிலில் எழும்பூரில் இறங்கினால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பக்கம்தான்.