மார்கோவா: ஓர் ஓடையோரத்து ஊர்



2023 செப்டம்பர் 10 அன்று, தாய், தந்தை, ஏழு பிள்ளைகள் என ஒரு குடும்பம் முழுவதும் ஒரே நாளில் அருளாளர் நிலைக்கு உயர்த்தப்பட்டதை நாம் அறிவோம். அந்த உல்மா குடும்பம் வாழ்ந்த ஊரைப் பற்றி நாம் அதிகம் கேட்டதில்லை. ஊரின் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் அவர்கள் செய்த செயலின் கனம் நமக்கு விளங்கும்.

போலந்தின் தென்கிழக்கில், வாய்ன்சுத் நகருக்கு அருகே இருக்கிறது மார்கோவா. 14ஆம் நூற்றாண்டில் செருமானியக் குடியேறிகள் இங்கே காட்டைத் திருத்தி ஊரை உருவாக்கினார்கள். நடுவே ஓர் ஓடை. அதன் இரு கரைகளிலும் வரிசையாக வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் அந்த வீட்டாரின் நிலம், நீண்ட பட்டையாக. இப்படி ஊர் பல கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. தலைமுறைகள் கடந்தபோது அவர்கள் பேச்சு போலிஷ் மொழியாகிவிட்டது. செருமானிய ஓசையுள்ள குடும்பப் பெயர்கள் மட்டும் நிலைத்துவிட்டன. 1772 முதல் 1918 வரை ஆஸ்திரியாவின் ஆட்சி. பங்கு ஆலயம் புனித டோரத்தியின் பெயரில் உள்ளது.

இரண்டாம் உலகப் போருக்குமுன் ஊரில் ஏறத்தாழ 4,500 பேர் இருந்தார்கள். அவர்களில் சுமார் 120 பேர் யூதர்கள். யோசேப்பு உல்மா பழமரக் கன்றுகள் வளர்த்தார், தேனீ வளர்த்தார், புகைப்படம் எடுத்தார். அவர் எடுத்த படங்களில்தான் விக்டோரியாவையும் குழந்தைகளையும் இன்று நாம் பார்க்கிறோம்.

இத்தகைய ஊரில் எதையும் மறைப்பது எளிதா? யார் வீட்டில் வழக்கத்தைவிட அதிக ரொட்டி சுடப்படுகிறது என்பதுகூட அயலாருக்குத் தெரிந்துவிடும். யூதருக்கு அடைக்கலம் கொடுத்தால் மரணம் என்பது நாசிகளின் சட்டம். 1942 இறுதியில் ஊராரையே கொண்டு யூதர்களைத் தேடச் செய்தார்கள். பிடிபட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இதையும் நாம் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். அந்த நாள்களில்தான் உல்மா வீட்டில் எட்டு யூதர்கள் தங்கினார்கள். அந்த வீட்டு விவிலியத்தில் நல்ல சமாரியர் உவமையின் தலைப்பு சிவப்பு மையால் அடிக்கோடிடப்பட்டு, பக்கத்தில் "ஆம்" என்று போலிஷ் மொழியில் எழுதப்பட்டிருந்தது.

1944 மார்ச் 24 விடியுமுன் செருமானியக் காவலர்கள் வந்தார்கள். முதலில் யூதர்களையும், பிறகு யோசேப்பையும் கர்ப்பிணியான விக்டோரியாவையும், கடைசியில் ஆறு குழந்தைகளையும் சுட்டார்கள். மூத்தவள் ஸ்தனிஸ்லாவாவுக்கு வயது ஏழு. சில நாள்கள் கழித்து ஊரார் சிலர் இரவில் இரகசியமாகக் குழியைத் தோண்டி, உடல்களைப் பெட்டிகளில் வைத்தார்கள். தாய் இறந்த வேளையில் ஏழாவது குழந்தை பிறக்கத் தொடங்கியிருந்ததை அப்போதுதான் கண்டார்கள். அக்குழந்தை இரத்தத்தால் திருமுழுக்குப் பெற்றது என்று திருச்சபை ஏற்றுக்கொண்டது.

அன்று ஊர் எவ்வளவு நடுங்கியிருக்கும்! அடைக்கலம் கொடுத்திருந்த மற்ற வீட்டாரும் அந்தத் துப்பாக்கிச் சத்தத்தை, அல்லது அதைப் பற்றிய செய்தியையாவது, கேட்டிருப்பார்கள். இருந்தும் மார்கோவாவின் வேறு வீடுகளில் ஒளிந்திருந்த யூதர்களில் ஏறத்தாழ இருபது பேர் போர் முடியும்வரை உயிரோடு இருந்தார்கள். அவர்களை அந்த வீட்டார் வெளியே அனுப்பவில்லை.

உல்மா குடும்பத்தின் திருநாள் சூலை 7. அது யோசேப்பும் விக்டோரியாவும் 1935இல் மணமுடித்த நாள்.