விரல் நுனியில் விடை

கென் ஜென்னிங்ஸைப் பார்ப்பவர்கள், இவ்வளவு விஷயங்களை எப்படித் தலைக்குள் வைத்திருக்கிறார் என்றுதான் முதலில் வியப்பார்கள். வியப்பதில் தவறில்லை. அமெரிக்காவின் 'ஜெப்பர்டி' வினாடி வினாவில் 2004-ல் தொடர்ச்சியாக 74 ஆட்டங்களை வென்று, 25 லட்சம் டாலருக்கு மேல் அள்ளிச் சென்றவர் அவர். ஆனால் அந்த நாட்களைத் திரும்பிப் பார்க்கும்போது, தன் மூளைக்குத் தருகிற அதே மரியாதையைக் கட்டை விரலுக்கும் தருகிறார். மேடையேறும் மூவருக்கும் பெரும்பாலான விடைகள் தெரிந்தே இருக்கும். யார் விரல் முந்துகிறது என்பதில்தான் ஆட்டம் இருக்கிறது.

நம் வீடுகளில் பார்த்துப் பழகிய 'கோடீஸ்வரன்' பாணி வேறு. அங்கே ஒருவர் நாற்காலியில் சாய்ந்து யோசிக்கலாம், நண்பருக்கு போன் போடலாம். ஜெப்பர்டியில் மூவர் வரிசையாக நிற்பார்கள். தொகுப்பாளர் குறிப்பு ஒன்றை வாசிப்பார். பதிலைக் கேள்வி வடிவில் சொல்ல வேண்டும். சதுரங்கத்தைப் பற்றிய குறிப்பென்றால், 'சதுரங்கம் என்பது என்ன?' என்று. 1964-ல் தொடங்கியது முதல் இந்தக் கோணங்கித்தனம் மாறவே இல்லை.

விஷயம் பஸ்ஸரில் இருக்கிறது. குறிப்பை வாசித்து முடிக்கும்வரை அது வேலை செய்யாது. கடைசிச் சொல் முடிந்ததும், திரைக்குப் பின்னால் இருக்கும் ஊழியர் ஒருவர் அதைத் திறந்துவிடுவார். பலகையின் ஓரங்களில் விளக்குகள் எரியும். அதற்கு முன்பே அவசரப்பட்டு அழுத்தினால் கால் விநாடிக்குப் பூட்டு. கால் விநாடி என்ன பெரிதா என்று தோன்றும். அதற்குள் பக்கத்தில் நிற்பவர் பதிலே சொல்லத் தொடங்கியிருப்பார். விளக்கைப் பார்த்துவிட்டு அழுத்தலாம் என்றாலும் தாமதம்தான். வாசிக்கிறவரின் குரல் எந்த இடத்தில் இறங்கும், ஊழியரின் விரல் எப்போது அசையும் என்பதைத் தாளம்போலப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அன்று வாசித்தவர் அலெக்ஸ் டிரெபெக். தென்கொரியாவின் சியோலில் வளர்ந்த ஜென்னிங்ஸ், அமெரிக்கப் படையினருக்கான தொலைக்காட்சியில் சிறுவயதிலேயே கேட்டுப் பழகிய குரல் அது. போதாக்குறைக்கு, ஒரே நாளில் ஐந்து ஆட்டங்களைப் படமெடுத்துவிடுவார்கள். ஜெயிப்பவருக்கு ஆட்டத்துக்கு ஆட்டம் கை பழகும். எதிரே வருபவர்களோ அன்றைக்குத்தான் பஸ்ஸரைத் தொட்டவர்கள். இது நியாயமில்லை என்று நிகழ்ச்சிக்காரர்களுக்கே உறைத்திருக்க வேண்டும். புதியவர்களுக்குக் கூடுதல் ஒத்திகை கொடுத்தார்கள். பஸ்ஸரைத் திறந்துவிடும் ஊழியரையும் மாற்றினார்கள்.

அதற்காகப் படிப்பு சும்மா இருந்ததா? மார்மன் சபையைச் சேர்ந்த ஜென்னிங்ஸ் மதுவைத் தொடாதவர். நிகழ்ச்சியில் மது வகைகளைப் பற்றி அடிக்கடி கேட்பார்கள் என்பதால், காக்டெய்ல் பெயர்களையும் அவற்றில் என்னென்ன சேர்ப்பார்கள் என்பதையும் அட்டைகளில் எழுதி மனப்பாடம் செய்தார்!

அதிர்ஷ்டமும் கைகொடுத்தது. ஐந்து ஆட்டம் வென்றவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்ற பழைய விதியை 2003-ல்தான் நீக்கியிருந்தார்கள். முதல் ஆட்டத்தின் கடைசிக் கேள்விக்கு விடை, ஓட்டப்பந்தய வீராங்கனை மரியன் ஜோன்ஸ். ஜென்னிங்ஸ் எழுதியது வெறும் 'ஜோன்ஸ்'. அமெரிக்காவில் ஜோன்ஸுக்கா பஞ்சம்? நடுவர்கள் ஒப்புக்கொண்டார்கள். மறுத்திருந்தால் அன்றைக்கே மூட்டை கட்டியிருப்பார்.

அவர் தோற்ற ஆட்டம் 2004 நவம்பர் 30 அன்று ஒளிபரப்பானது. அதன் கடைசிக் கேள்வி இது: ஒரு நிறுவனத்தின் 70,000 பருவகால ஊழியர்களில் பெரும்பாலோர் ஆண்டுக்கு நான்கு மாதம்தான் வேலை செய்கிறார்கள். எது அந்த நிறுவனம்? வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து தரும் 'எச் அண்ட் ஆர் பிளாக்'. ஜென்னிங்ஸ் 'ஃபெட்எக்ஸ்' என்று எழுதினார். பருவகாலம் என்றதும் கிறிஸ்துமஸ் பார்சல்கள் நினைவுக்கு வருவது இயல்புதான்.

விரலின் கதை அதோடு முடியவில்லை. 2011 பிப்ரவரியில் ஐபிஎம் நிறுவனத்தின் 'வாட்சன்' கணினி, ஜென்னிங்ஸையும் இன்னொரு சாம்பியனான பிராட் ரட்டரையும் எதிர்த்து ஆடியது. எல்லாம் தெரிந்த இயந்திரம் அல்ல அது. அமெரிக்க நகரங்கள் பற்றிய கேள்விக்குக் கனடாவின் டொரான்டோவைச் சொன்னது. ஆனால் விடை உறுதியாகத் தெரிந்துவிட்டால், அதன் இயந்திர விரல் சில மில்லிவிநாடிகளில் அழுத்திவிடும். பதற்றமும் இல்லை, தாளம் தவறுவதும் இல்லை. எந்தத் திறமையால் ஜென்னிங்ஸ் 74 முறை ஜெயித்தாரோ, அதே இடத்தில் அடி விழுந்தது. வாட்சன் 77,147 டாலர், ஜென்னிங்ஸ் 24,000. தொழிற்சாலை ஆட்களின் வேலையை ரோபோக்கள் பறித்ததுபோல, அறிவை வைத்துப் பிழைப்பவர்களில் முதலில் வேலையிழந்தவர்கள் தாங்கள் இருவரும்தான் என்று பிறகு வேடிக்கையாக எழுதினார். அது வெறும் வேடிக்கை அல்ல என்பது இப்போது பலருக்கும் புரிந்திருக்கும்.

2020 ஜனவரியில், முன்னாள் சாம்பியன்களுக்கான சிறப்புப் போட்டியில் ரட்டரையும் ஜேம்ஸ் ஹோல்ஸ்ஹவரையும் வென்று பத்து லட்சம் டாலர் பெற்றார். அந்த நவம்பரில் டிரெபெக் காலமானார். அதன்பின் தொகுப்பாளர் இடத்துக்கு வந்தவர்களில் ஜென்னிங்ஸும் ஒருவர். 2023 டிசம்பர் முதல் அவர் மட்டுமே.

அவருடைய 74-ஐ இன்னும் யாரும் நெருங்கவில்லை. அடுத்த இடம் 40 ஆட்டங்கள் வென்ற ஏமி ஷ்னைடருக்கு. 2022 ஜனவரியில் அவர் தோற்ற ஆட்டத்தின் கடைசிக் குறிப்பை வாசித்தவர் ஜென்னிங்ஸ்தான்: ஆங்கிலத்தில் பெயர் 'எச்' எழுத்தில் முடியும் ஒரே நாடு, மக்கள்தொகையில் உலகின் முதல் பத்து நாடுகளில் ஒன்று. விடை வங்கதேசம். ஏமி எதுவும் எழுதவில்லை.