பரணில் தூங்குது மெஷின்!

குறட்டை விடுகிறவர் ஆழ்ந்து தூங்குகிறார் என்று நினைப்பதும், வாசலில் கூட்டம் இருப்பதால் சீட்டுக் கம்பெனி நன்றாக நடக்கிறது என்று நினைப்பதும் ஒன்றுதான்.

ராத்திரி பத்துக்குப் படுத்துக் காலையில் ஆறுக்கு எழுந்தால் எட்டு மணி நேரம் வரவு. ஆனால் ஆபீஸில் பதினொன்றரைக்கே கண் சொருகுகிறது. மீட்டிங்கில் மேனேஜர் டார்கெட் பற்றி முழங்கும்போது தலை தானாக ஆடுகிறது. (அவர் அதை ஆமோதிப்பு என்று எடுத்துக்கொண்டால் உங்கள் அதிர்ஷ்டம்.) கணக்கு எங்கேயோ உதைக்கிறது சார்!

எங்கே என்றால், தொண்டையில். தூங்கும்போது தசைகள் எல்லாம் தளர்கின்றன. சிலருக்கு நாக்கின் அடிப்பகுதியும் உள்நாக்குப் பக்கத்துச் சதையும் பின்னால் சரிந்து மூச்சுப் பாதையை மூடிக்கொள்கின்றன. மூச்சு நிற்கிறது. பத்து விநாடி, இருபது விநாடி, சில சமயம் அதற்கும் மேலே. ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்குகிறது. மூளை பதறிப்போய் அரைகுறையாக எழுப்பிவிட, 'க்ஹாக்' என்ற சத்தத்தோடு மூச்சு திரும்புகிறது. காலையில் இதில் எதுவும் உங்களுக்கு ஞாபகம் இருக்காது. பக்கத்தில் முழித்துக்கொண்டு படுத்திருந்த மனைவிக்கு இருக்கும். அவர் சொன்னால் தொணதொணப்பு என்று தள்ளிவிடாதீர்கள். இந்த வியாதிக்கு முதல் சாட்சி அவர்தான். மேன்ஷன்வாசிகளுக்கு ரூம்மேட்.

பெயர் ஸ்லீப் ஆப்னியா. ஒரு ராத்திரி சோதனை செய்து, மணிக்கு எத்தனை தடவை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்று சராசரி போடுகிறார்கள். அதற்கு ஏ.ஹெச்.ஐ. என்று பெயர். 5-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 5 முதல் 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேலே தீவிரம். முப்பது என்றால் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை யாரோ தோளைத் தட்டி எழுப்புகிற மாதிரி. அதுவும் ராத்திரி பூரா! பி.பி. ஏறுகிறது, இதயம் திண்டாடுகிறது. ஸ்டியரிங் பிடித்தால் வேறு ஆபத்து. 2013 டிசம்பர் 1-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமைக் காலையில், நியூயார்க்கில் ஒரு பயணிகள் ரயில் 30 மைல் வேகத்தில் போகவேண்டிய வளைவில் 82 மைல் வேகத்தில் பாய்ந்து தடம்புரண்டது. நாலு பேர் இறந்தார்கள். டிரைவருக்குக் கண் சொக்கிவிட்டது. அவருக்குக் கடுமையான ஸ்லீப் ஆப்னியா இருந்தது பிறகு நடந்த விசாரணையில்தான் தெரிந்தது. அதுவரை அவருக்கே தெரியாது.

இதற்கு வைத்தியம் இருக்கிறது. மருந்து மாத்திரை இல்லை, ஒரு காற்று மெஷின். சீபேப் என்பார்கள். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் டாக்டர் காலின் சல்லிவன் கண்டுபிடித்தது. அந்தக் காலத்தில் இந்த வியாதி முற்றினால் தொண்டையில் ஓட்டை போடுவதுதான் வழி. 1980-ல் அதற்கு மாட்டேன் என்ற ஒரு நோயாளிக்குத்தான் முதலில் இதை மாட்டிப் பார்த்தார். 1981-ல் ஐந்து நோயாளிகளின் கதையை 'லான்செட்' பத்திரிகையில் எழுதினார். ஆரம்ப கால மெஷின்களில் இருந்தது வாக்குவம் க்ளீனர் மோட்டார். மாஸ்க்கை ராத்திரிக்கு ராத்திரி பசை போட்டு மூக்கில் ஒட்டவேண்டும். இப்போதைய மெஷின் தலைமாட்டில் டிபன் பாக்ஸ் மாதிரி உட்கார்ந்திருக்கிறது, சத்தமும் குறைவு.

'அவருக்கு ஆக்ஸிஜன் வெச்சிருக்காங்களாமே!' என்று சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து நிற்பார்கள். ஆக்ஸிஜன் எல்லாம் இல்லை. அதே ரூம் காற்றுதான். அதைக் கொஞ்சம் அழுத்தத்தோடு அனுப்பி, மூச்சுப் பாதை மூடாமல் முட்டுக் கொடுக்கிறது, அவ்வளவுதான். அழுத்தம் 4 முதல் 20 செ.மீ. தண்ணீர் அளவு. டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவைப் பத்து செ.மீ. ஆழம் விட்டு ஊதிக் குமிழி வரவழைக்க எவ்வளவு தம் வேண்டுமோ, அதுதான் 10.

இவ்வளவு சுலபமான மெஷின் ஏன் பல வீடுகளில் மிக்ஸி அட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில், பரணில் கிடக்கிறது? எனக்குத் தெரிந்த ஒரு அக்கவுண்டன்ட் பெரிய தொகை கொடுத்து வாங்கினார். நாலே ராத்திரி. 'நமக்கு செட் ஆகலை' என்று பரணில் ஏற்றிவிட்டார். தினமும் ஜி.எஸ்.டி. ரோடில் பைக்கில் போய் வருகிறவர். செட் ஆகாதது மெஷின் இல்லை, மாஸ்க். முதல் பதினைந்து நாளில் வருகிற தகராறுகள் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும். அதில் முக்கால்வாசி மாஸ்க் தகராறுதான்.

காற்று கசிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணில் புஸ்ஸென்று அடிக்கிறது. நாம் என்ன செய்வோம்? பட்டையை இழுத்து இறுக்குவோம். அதுதான் தப்பு. இறுக்க இறுக்க சிலிகான் மடிந்து வேறு பக்கம் கசியும், மூக்குத் தண்டில் புண் வரும். 2023 ஜூனில் அப்போதைய அமெரிக்க ஜனாதிபதி பைடன் கன்னத்தில் பட்டைத் தடத்தோடு நிருபர்கள் முன்னால் வந்து நிற்க, சீபேப் மாட்டிக்கொள்கிறார் என்று வெள்ளை மாளிகையே சொல்லவேண்டியதாயிற்று. லேசான தடம் தப்பில்லை, புண் கூடாது. பட்டைகளைத் தளர்த்துங்கள். மெஷினை ஆன் செய்து, படுத்தபடி, மாஸ்க்கை முகத்திலிருந்து கொஞ்சம் தூக்கி, காற்று நிரம்பியதும் உட்காரவிட்டு, பிறகு கசிவு நிற்கிற அளவுக்கு மட்டும் இழுங்கள். கடையில் உட்கார்ந்துகொண்டு சரிபார்த்த மாஸ்க் படுத்ததும் பொருந்தாது. நாம் படுத்தால் கன்னமும் படுக்கிறது! படுக்கப் போகும் முன் முகம் கழுவுங்கள். எண்ணெய் வழிகிற முகத்தில் சிலிகான் நிற்காது, வழுக்கும்.

மீசைக்காரர்கள் கவனிக்கவும். மூக்கை மூடுகிற மாஸ்க் சிலருக்கு மீசையின் மேல் உட்காராது. மீசையை எடு என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்துகிற 'நேஸல் பில்லோ' என்று ஒன்று இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். பொதுவாக ஒன்று சொல்வேன்: மெஷினை விட மாஸ்க்கைத் தேர்ந்தெடுக்க அதிக நேரம் செலவழியுங்கள். இரண்டு மூன்று மாடலைப் படுத்து மாட்டிப் பார்க்க விடுகிற டீலரிடம் போங்கள். வாடகைக்குக் கிடைத்தால் முதல் மாதம் வாடகைதான் புத்திசாலித்தனம்.

காலையில் வாய் பாலைவனமா? தூக்கத்தில் வாய் திறந்து காற்று அந்த வழியாக ஓடிவிடுகிறது. மூக்கு அடைத்திருந்தால் முதலில் அதை டாக்டரிடம் காட்டுங்கள். அடைப்பு போனாலும் வாய் மூடவில்லை என்றால் தாடைப் பட்டை, அல்லது வாய் மூக்கு இரண்டையும் மூடுகிற பெரிய மாஸ்க். ஈரப்பதத்துக்குத் தண்ணீர் தொட்டி இருக்கிறது. அதில் டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்றவேண்டும். போர் தண்ணீர் ஊற்றினால் பாய்லர் அடியில் படிகிற மாதிரி வெள்ளையாகப் படியும். கொதிக்க வைத்தால் கிருமி போகும், உப்பு போகாது. மிச்சத் தண்ணீரைக் காலையில் கொட்டிவிட்டுத் தொட்டியை உலர்த்துங்கள்.

ஏ.சி. ரூமில் நடுராத்திரி மூக்கில் தண்ணீர் சொட்டினால் பயப்படாதீர்கள். ஈரக் காற்று குளிர்ந்த ட்யூபில் தண்ணீராகிவிட்டது. ஈரப்பத அளவைக் குறையுங்கள், ட்யூபைப் போர்வைக்குள் விடுங்கள். மெஷினைக் கட்டிலை விடத் தாழ்வான ஸ்டூலில் வையுங்கள், தண்ணீர் திரும்ப மெஷின் பக்கமே போகும்.

சிலருக்கு ஆரம்பத்தில் மூச்சு முட்டுகிறது. அழுத்தம் அதிகம் என்று நினைத்துவிடுகிறார்கள். பல சமயம் உண்மை நேர்மாறு! மெதுவாக ஏறுகிற 'ராம்ப்' வசதியில் 4-ல் ஆரம்பித்தால் பெரிய உடம்புக்காரர்களுக்குக் காற்றே போதாது. ஆரம்பத்தைக் கொஞ்சம் ஏற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மாஸ்க் என்றாலே பயம் வருகிறவர்கள் பகலில் டி.வி. பார்த்துக்கொண்டே அரை மணி மாட்டிப் பழகலாம். காலையில் வயிறு உப்பி ஏப்பமாக வந்தால் காற்றை விழுங்குகிறீர்கள். அதற்கு அழுத்தத்தை மாற்றவேண்டியிருக்கலாம். அது நீங்களே பட்டனைத் திருகிச் செய்கிற காரியம் இல்லை.

பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு இந்த மெஷினில் ரொம்பப் பிடித்த விஷயம், அது கணக்கு எழுதுகிறது. எத்தனை மணி நேரம் மாட்டினீர்கள், எவ்வளவு கசிந்தது, மிச்ச ஏ.ஹெச்.ஐ. எவ்வளவு, எல்லாம் ஸ்க்ரீனிலோ கார்டிலோ போன் ஆப்பிலோ இருக்கும். பாஸ்புக் மாதிரி வாரம் ஒரு தடவை புரட்டுங்கள். மிச்ச ஏ.ஹெச்.ஐ. 5-க்குக் கீழே வரவேண்டும். வரவில்லையா? முதலில் கசிவைப் பாருங்கள். கசிவு சரியாக இருந்தும் எண் இறங்கவில்லை என்றால் கார்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். சிலருக்குத் தொண்டை மூடாமலே, மூளை மூச்சுக்கு உத்தரவு போட மறப்பதால் மூச்சு நிற்கும். அதற்கு வேறு மெஷின்கூடத் தேவைப்படலாம். நேரத்தைப் பொறுத்தவரை, அமெரிக்க அரசு இன்ஷூரன்ஸில் ராத்திரிக்கு 4 மணி நேரம், நூற்றுக்கு எழுபது ராத்திரி என்று வைத்திருக்கிறார்கள். அது பாஸ் மார்க். இரண்டு மணிக்குக் கழற்றி எறிகிறவர்களுக்கு ஒரு தகவல்: கனவுத் தூக்கம் பெரும்பாலும் பின்னிரவில்தான். பலருக்கு மூச்சு அதிகம் அடைபடுவதும் அப்போதுதான்.

நம்ம ஊர் சமாசாரம் இரண்டு. ஒன்று, கொசுவத்தி. மெஷின் ரூம் காற்றைத்தான் இழுக்கிறது. பக்கத்தில் கொசுவத்தியோ ஊதுவத்தியோ வைத்தால் புகை நேராக மூக்குக்கு. ஃபில்டர் தூசியைப் பிடிக்கும், புகையை எல்லாம் பிடிக்காது. ஃபில்டர் சாம்பல் நிறமானால் மாற்றுங்கள். இரண்டு, கரண்ட் கட். மெஷின் நின்றால் மூச்சு நின்றுவிடாது. மாஸ்க்கில் காற்றுத் துளைகள் உண்டு, பெரிய மாஸ்க்கில் தானாகத் திறக்கிற வால்வும் உண்டு. இன்வெர்ட்டரில் ஓட்டினால் ஹ்யூமிடிஃபையரை அணைத்துவிடுங்கள், கரண்ட்டை அதிகம் தின்பது அந்தச் சூடுதான்.

பழைய மெஷின் சல்லிசாகக் கிடைக்கிறது என்று யாராவது வந்தால் மாடல் நம்பரைப் பாருங்கள். உள்ளே சத்தம் குறைக்க வைத்த நுரை பொடிந்து மூச்சில் கலக்கலாம் என்று 2021 ஜூனில் பிலிப்ஸ் கம்பெனி பல மாடல்களைத் திரும்ப வாங்க அறிவித்தது. லட்சக்கணக்கான மெஷின்கள். சரிசெய்யாத ஒன்று உங்களிடம் வந்து சேரவேண்டாம்.

ஊருக்குப் போனால் தண்ணீர் தொட்டியைக் காலி செய்துவிட்டுப் பையில் வையுங்கள், இல்லையென்றால் மோட்டாருக்குள் தண்ணீர் போய்விடும். ஃப்ளைட்டில் கைப்பெட்டியோடு கொண்டு போங்கள், கூடவே டாக்டர் சீட்டு. ரயிலில் சார்ஜிங் பாயிண்ட்டை நம்பாதீர்கள், ராத்திரி அணைத்துவிடுவதும் உண்டு. தனி பாட்டரி இருந்தால் நல்லது. ஏதாவது ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், மயக்க டாக்டரிடம் முதல் வேலையாக இந்த விஷயத்தைச் சொல்லிவிட்டு, மெஷினையும் உங்கள் மாஸ்க்கையும் கூடவே எடுத்துப் போங்கள். மயக்க மருந்தும் வலி மருந்தும் தொண்டையை இன்னும் தளர்த்தும். ஹார்லிக்ஸ் எப்படியும் வந்துவிடும்.