தொழிலின் வாசலில் - 9: ஸெட்ஜ்விக்குடன் ஒரு கோடை

இந்தத் தொடரில் சென்ற வாரம் வரையில், தாம் செல்ல வேண்டிய திசையைப் பிள்ளைப் பிராயத்திலேயே கண்டுகொண்டு, அதை விட்டு ஓர் அடியும் விலகாமல் நடந்துபோய்ச் சேர்ந்தவர்களின் சரித்திரத்தையே பெரும்பாலும் பார்த்துவந்தோம். படிப்பதற்கு இனிமையான சரித்திரங்கள்தாம் அவை. ஆயினும் அவற்றைப் படித்த இளைஞன் ஒருவன், தனக்கு அப்படி ஒரு திசையும் தென்படவில்லையே என்று மனங்குன்றிப் போயிருப்பானானால், அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆகையால் இந்த வாரம், திசை தெரியாமல் நிற்பவர்களுக்காகவே எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் வசிக்கும் பெண் ஒருத்தி, தாவரவியலில் இரண்டாம் ஆண்டு முடிக்கப்போகிறவள், சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில் மூன்று விண்ணப்பத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். கோடை விடுமுறையில் எட்டு வாரம் எங்கேனும் இன்டர்ன்ஷிப் செய்தாக வேண்டும் என்பது அவள் கல்லூரியின் விதி. ஒன்று நகரத்துக் கணினிக் கம்பெனி; மற்றொன்று மருந்து தயாரிக்கும் தொழிற்சாலை; மூன்றாவது விதைப் பரிசோதனை நிலையம். "என்ன வேலைக்குப் போகப்போகிறேன் என்று தெரிந்தால்தானே மாமா, எந்த இடத்துக்கு விண்ணப்பம் போடுவது என்று தெரியும்? அதுவே எனக்குத் தெரியவில்லையே!" என்றாள். அவள் கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் வரிசைதான் தலைகீழாக இருப்பதாக எனக்குப் பட்டது. தொழிலைத் தீர்மானித்துவிட்டுப் பயிற்சிக்குப் போகிறவர்கள் உண்டு. பயிற்சியின் வழியாகவே தொழிலைக் கண்டடைந்தவர்களோ அவர்களினும் அதிகம். அவர்களுள் ஒருவருடைய கதையை அன்று அவளுக்குச் சொன்னேன்.

சார்லஸ் டார்வின் 1809ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரில், நல்ல வரும்படியுள்ள வைத்தியர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தார். தந்தை வைத்தியர், பாட்டனாரும் வைத்தியர்; ஆகவே பையனும் வைத்தியனாவதே முறை என்று வீட்டில் எண்ணினார்கள். பதினாறாவது வயதில், 1825ஆம் ஆண்டுக் கோடையில், அந்த ஊர் ஏழைமக்களுள் நோயுற்ற பெண்களையும் குழந்தைகளையும் பார்த்துவரும் பணி அவருக்குக் கிடைத்தது. ஒவ்வொரு நோயாளியிடமும் காணும் குறிகளை விரிவாக எழுதிக்கொண்டுவந்து தந்தையிடம் வாசித்துக் காட்டுவார். இன்னின்னவற்றையும் விசாரித்துவா என்று தந்தை சொல்வார். பிறகு அவர் சொன்ன மருந்தை டார்வின் தம் கையாலேயே கலந்து கொடுப்பார். ஒரு சமயம் குறைந்தது பன்னிரண்டு நோயாளிகள் அவர் பொறுப்பில் இருந்தார்கள். இந்த வேலையில் தமக்கு மிகுந்த ஈடுபாடு இருந்ததாகவே அவர் முதுமையில் எழுதிய சுயசரிதத்தில் குறித்திருக்கிறார். மகன் சிறந்த வைத்தியனாவான் என்று தந்தையும் நம்பினார்.

அந்த நம்பிக்கையோடு எடின்பரோ சர்வகலாசாலைக்கு அனுப்பப்பட்டவர் இரண்டே வருஷத்தில் வைத்தியத்தை விட்டு விலகிவிட்டார். குளிர்காலத்துக் காலை எட்டு மணிக்கு நடந்த மருந்தியல் பிரசங்கங்களும், சலிப்பூட்டிய உடற்கூற்றுப் பாடமும் அவரைச் சோர்வடையச் செய்தன. ரணசிகிச்சைக் கூடத்தில் இரண்டு சிகிச்சைகளைப் பார்க்கப் போனார். அவற்றுள் ஒன்று ஒரு குழந்தைக்குச் செய்யப்பட்டது. மயக்க மருந்து வைத்தியத்துக்கு வந்து சேர இன்னும் இருபது ஆண்டுகள் இருந்த காலம் அது. இரண்டுமே முடிவதற்கு முன் அவர் வெளியே ஓடிவந்துவிட்டார். அதன் பிறகு அந்தக் கூடத்தில் அடியெடுத்து வைக்கவில்லை. அந்தக் காட்சிகளின் நினைவு பல ஆண்டுகள் அவரைத் துன்புறுத்தியது.

அதே தொழில், ஷ்ரூஸ்பரியில் பிடித்திருந்தது, எடின்பரோவில் பிடிக்கவில்லை. நோயாளியின் அருகில் அமர்ந்து கேட்பதும், கேட்டதைக் குறித்துக்கொள்வதும், குறித்ததிலிருந்து காரணத்தை ஊகிப்பதும் அவருக்கு இசைந்த காரியங்கள். ரத்தத்தின் முன் நிற்பது இசையாத காரியம். வைத்தியம் என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனை வேறு வேறு வேலைகள் அடங்கியிருக்கின்றன என்பதை, கூடத்துக்குள் போய் நின்றிராவிட்டால் அவர் எப்படி அறிந்திருக்க முடியும்? நம் நாட்டில் மருத்துவப் பட்டம் பெறுமுன் மாணவர்கள் ஓராண்டு காலம் பொது மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தை நலம் என்று துறை துறையாகச் சுற்றிவர வேண்டும் என்று விதித்திருக்கிறார்களே, அந்த விதியைச் செய்தவர்கள் இந்த நுட்பத்தை அறிந்தவர்கள். மற்றப் படிப்புகள் பலவற்றில் அப்படிச் சுழற்றிவிடுவார் யாருமில்லை. மாணவன் தானே சுற்றிப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எடின்பரோவில் கழிந்த இரண்டு வருஷமும் வீண் என்றுதான் டார்வினின் தந்தை எண்ணியிருக்க வேண்டும். ஆனால் அந்த ஊரின் லோதியன் தெருவில் ஜான் எட்மன்ஸ்டன் என்று ஒருவர் இருந்தார். தென் அமெரிக்காவின் கயானாப் பிரதேசத்தில் அடிமையாக வாழ்ந்து விடுதலை பெற்றவர். பறவைகளின் தோலை உரித்து, பதப்படுத்தி, பஞ்சடைத்து உயிருள்ளவைபோல் நிறுத்தும் கலையில் தேர்ந்தவர். அதைக் கொண்டே ஜீவனம் செய்தவர். டார்வின் அவருக்குக் கட்டணம் கொடுத்து அந்தக் கலையைக் கற்றுக்கொண்டார். பாடத்திட்டத்தில் இல்லாத பாடம். பட்டத்துக்கு உதவாத பாடம். ராபர்ட் கிராண்ட் என்ற விலங்கியலாருடன் கடற்கரைப் பாறைகளுக்கிடையே சிற்றுயிர்களைத் தேடித் திரிந்ததும், நியூஹேவன் மீனவர்களோடு சிப்பி வாரும் படகில் போனதும் இதே காலத்தில்தான். 1827 மார்ச்சில், பதினெட்டே வயதில், தாம் கண்ட இரண்டு சிறு உண்மைகளை மாணவர் சங்கம் ஒன்றில் எடுத்துரைத்தார். எவருடைய ஏவுதலும் இல்லாமல் ஓய்வுநேரத்தில் ஒருவனுடைய கால்கள் எங்கே போகின்றன என்பதைக் கவனித்தால், அவனுடைய வாய் சொல்லத் தெரியாத பதில் அங்கே கிடைக்கும் என்று நான் நம்புகிறேன்.

இன்னொரு விஷயம், நான் மிகவும் முக்கியமாகக் கருதுவது இது. எடின்பரோவில் ராபர்ட் ஜேம்ஸன் என்பவரின் பூகர்ப்ப சாஸ்திரப் பிரசங்கங்களையும் டார்வின் கேட்டார். அவை அவருக்கு மிகுந்த சலிப்பைத் தந்தன. இந்த ஜன்மத்தில் பூகர்ப்ப சாஸ்திரப் புத்தகம் ஒன்றைக்கூடத் தொடுவதில்லை என்று சங்கல்பமே செய்துகொண்டார். ஆசிரியர்மேல் உண்டான வெறுப்பைச் சாஸ்திரத்தின் மேல் ஏற்றிவிட்டார். நம் பிள்ளைகள் நாள்தோறும் செய்கிற பிழை இது. பள்ளியில் கணக்கு வாத்தியாரிடம் அடிபட்டவன் கணக்கையே பகைத்துக்கொள்கிறான். ஒரு கோடையில் சிடுசிடுத்த மேலாளரிடம் அகப்பட்டவள் அந்தத் தொழிலே தனக்கு ஆகாது என்று முடிவு கட்டிவிடுகிறாள்.

வைத்தியத்தை விட்டவரைப் பாதிரியாராக்கலாம் என்று குடும்பத்தார் 1828இல் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார்கள். அங்கே அவருக்கு வாய்த்த ஆசான் தாவரவியல் பேராசிரியர் ஹென்ஸ்லோ. ஹென்ஸ்லோவோடு உலாவப் போகிற மாணவன் என்றே கல்லூரியில் டார்வினுக்குப் பெயர் ஏற்பட்டது. பையன் விட்டு ஓடிய பூகர்ப்ப சாஸ்திரத்தை மீண்டும் தொடும்படி வற்புறுத்தியவரும், அந்தத் துறையின் பேராசிரியரான ஆடம் ஸெட்ஜ்விக் வேல்ஸ் நாட்டு மலைகளுக்குப் புறப்பட்டபோது இவரையும் கூட்டிச் செல்லுமாறு கேட்டுக்கொண்டவரும் ஹென்ஸ்லோவே. 1831 கோடையில், புறப்படுவதற்கு முன் டார்வின் ஒரு சாய்வுமானியை வாங்கிவைத்துக்கொண்டு, படுக்கையறையில் இருந்த மேஜைகளையெல்லாம் வெவ்வேறு கோணத்தில் சாய்த்துவைத்து, பாறை அடுக்குகளை அளப்பதுபோல் அளந்து பழகினார்.

ஸெட்ஜ்விக் முதல் இரவு ஷ்ரூஸ்பரியில் டார்வினின் வீட்டில் தங்கினார். அருகிலிருந்த சரளைக்கல் குழி ஒன்றில் உஷ்ணதேசத்துச் சங்கு ஒன்று கிடைத்ததாகத் தொழிலாளி ஒருவன் தம்மிடம் கூறியதை டார்வின் ஆவலோடு சொன்னார். பேராசிரியர் துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தார். அவரோ, யாரேனும் அதை அங்கே எறிந்திருப்பார்கள் என்றும், அது மெய்யாகவே அங்கே புதைந்திருந்தால் அந்தப் பிரதேசத்தின் மேல்மட்டப் படிவுகளைப் பற்றி அதுவரை அறிந்ததெல்லாம் கவிழ்ந்துபோகும் என்றும் சொல்லிவிட்டார். டார்வின் திகைத்துப்போனார். சாஸ்திரம் என்பது அதிசயங்களைப் பொறுக்கிச் சேர்ப்பதன்று, சான்றுகளைத் தொகுத்து அவற்றினின்று பொதுவிதியைக் காண்பது என்பதை அன்றுதான் முழுவதும் உணர்ந்ததாக அவரே எழுதியிருக்கிறார். எத்தனையோ புத்தகங்களில் படித்தும் பிடிபடாதது, அன்று மாலை நடந்த ஒரு சிறு பேச்சில் பிடிபட்டது.

பிறகு மலைக்குப் போனார்கள். ஸெட்ஜ்விக் ஒரு தடத்தில் நடப்பார். டார்வினை அதற்கு இணையான வேறொரு தடத்தில் தனியே அனுப்பி, வழியில் காணும் பாறைகளின் மாதிரிகளைக் கொண்டுவரவும், அடுக்குகளின் கிடையை வரைபடத்தில் குறித்துவரவும் சொல்வார். அந்தப் பையனால் பேராசிரியருக்கு ஆகவேண்டிய காரியம் ஒன்றுமில்லை. பையனின் நன்மைக்காகவே அந்த வேலை கொடுக்கப்பட்டது என்பது டார்வினுக்கும் பிற்காலத்தில் விளங்கியது. மாணவனுக்கு மெய்யான வேலை; அதைத் தனியே செய்யும் சுதந்திரம்; மாலையில் அதை வாங்கிப் பார்க்க ஒருவர். ஸெட்ஜ்விக்குடன் கழிந்தவை சில நாட்களே. ஆயினும் எடின்பரோவின் இரண்டு வருஷத்துக்கு அவை ஈடாயின.

ஆகஸ்ட் 29ஆம் தேதி வீடு திரும்பியபோது ஹென்ஸ்லோவின் கடிதம் காத்திருந்தது: பீகிள் என்ற கப்பல் உலகைச் சுற்றப் புறப்படுகிறது, இயற்கை ஆராய்ச்சியாளராக வருகிறாயா? தந்தை மறுத்தார். இது பாதிரியாருக்குத் தகாத காரியம், மறுபடியும் தொழில் மாற்றம், இனி இவன் ஓரிடத்தில் நிலைக்கமாட்டான் என்றெல்லாம் அவருடைய ஆட்சேபங்கள் எட்டு. ஆனால் விவேகமுள்ள ஒருவர் போகச் சொன்னால் சம்மதிக்கிறேன் என்று ஒரு வாசலைத் திறந்துவைத்தார். அந்த ஒருவர் டார்வினின் தாய்மாமன், ஜோஸையா வெட்ஜ்வுட். எட்டு ஆட்சேபங்களுக்கும் அவர் வரிசையாகப் பதில் எழுதினார். தொழில் மாற்றம் பற்றிய பதிலை நான் மறப்பதில்லை: இவன் இப்போது ஒரு தொழிற்கல்வியில் மூழ்கியிருந்தால் அதைக் கலைப்பது தவறுதான், ஆனால் மூழ்கியிருக்கவில்லையே, இப்போது எந்த அறிவைத் தேடி அலைகிறானோ அதே தடத்தில்தான் கப்பலிலும் நடக்கப்போகிறான். பையன் எதில் பட்டம் பெற்றான், எந்தப் பதவிக்கு உரியவன் என்பதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, அவன் கால்கள் ஏற்கெனவே எந்தப் பக்கம் நடந்துகொண்டிருக்கின்றன என்பதை மட்டும் அந்த மாமன் பார்த்தார். தந்தை இணங்கினார். டிசம்பர் 27ஆம் தேதி கப்பல் புறப்பட்டபோதும் டார்வினின் மனத்தில், திரும்பிவந்து கிராமத்துப் பாதிரியாராக அமைதியாக வாழலாம் என்ற எண்ணம் இருக்கத்தான் செய்தது. திசை அப்போதும் தெளிந்துவிடவில்லை.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண், "அவருக்கு அப்பா பணம் இருந்தது மாமா. சம்பளமில்லாமல் கப்பலில் போனார், சாப்பாட்டுக்கும் அவரே கொடுத்தார். எங்கள் வீட்டில் அப்படி முடியுமா?" என்றாள். அவள் சொன்னது சத்தியம். அதை மழுப்ப எனக்கு மனமில்லை. ஏழை வீட்டுப் பிள்ளை எட்டு வாரம் கூலியின்றி உழைப்பதென்றால், வேறோர் ஊரில் அறை வாடகையும் பஸ் செலவும் வேறு கொடுத்து உழைப்பதென்றால், அதன் பாரம் தாய் தகப்பன் தலையில் விழுகிறது. 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி பதிவு செய்துகொண்டு பழகுபவர்களுக்கு உதவித்தொகை உண்டு. நம் நாட்டின் மூன்று விஞ்ஞான அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆராய்ச்சிப் பயிற்சியிலும் இரண்டு மாதத்துக்கு உதவித்தொகை கொடுக்கிறார்கள். இவற்றை முதலில் தேட வேண்டும். மாணவனிடம் சில ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு, வேலை ஒன்றும் கற்றுத்தராமல், முத்திரை குத்திய சான்றிதழை மட்டும் நீட்டுகிற கடைகள் இன்று கல்லூரி வாசல்தோறும் முளைத்திருக்கின்றன. அங்கே பணத்தைவிடப் பெரிய நஷ்டம், திரும்பிவராத அந்தக் கோடை. அந்தக் கடைகளின் பக்கம் தயவுசெய்து போகவேண்டாம் என்று இதைப் படிக்கும் ஒவ்வொரு மாணவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

அவளுடைய மூன்று தாள்களையும் அதன் பிறகே பார்த்தோம். எது பெரிய பெயர், எது வேலை கொடுக்கும் என்பதைப் பேசாமல், ஒவ்வோர் இடத்திலும் பயிற்சிக்கு வருபவரின் கை காலை முதல் மாலை வரை என்ன செய்யும், செய்ததை யார் பார்ப்பார்கள் என்று தொலைபேசியில் கேட்கச் சொன்னேன். இரண்டு இடங்களில் தெளிவான பதில் இல்லை. விதைப் பரிசோதனை நிலையத்தில் ஓர் அம்மாள் நிதானமாகச் சொன்னாராம்: ஒரு மாதிரியிலிருந்து 400 விதைகளை எண்ணி எடுத்து, நூறு நூறாக நான்கு பங்கு வைக்க வேண்டும், நெல்லானால் ஐந்தாம் நாள் ஒரு முறையும் பதினான்காம் நாள் ஒரு முறையும் முளைத்ததை எண்ண வேண்டும், நல்ல நாற்று எது, ஊனமான நாற்று எது, செத்த விதை எது என்று பிரிக்க வேண்டும், சான்று பெற்ற நெல் விதையில் நூற்றுக்கு எண்பதாவது முளைத்தாக வேண்டும், எண்ணிக்கையைத் தாமே சரிபார்ப்பதாகவும் சொன்னாராம். "நாள் முழுக்க எண்ணுவதுதானா மாமா?" என்று முதலில் முகம் சுளித்தவள், சற்று நேரம் கழித்து, "ஊனமான நாற்று என்றால் எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். விண்ணப்பத்தை அங்கேயே அனுப்பினாள். மே மாதம் போகிறாள். அவளுக்கு அந்த வேலை பிடிக்குமோ பிடிக்காதோ, ஐந்தாம் நாள் காலையில் அவளுக்கே தெரிந்துவிடும்.

டார்வினின் கதையில் ஒரு மிச்சம் இருக்கிறது. 1831இல் ஸெட்ஜ்விக்கும் அவரும் கூம் இட்வல் என்ற மலைப் பள்ளத்தாக்கில் பல மணி நேரம் செலவிட்டு, தொல்லுயிர்ச் சுவடுகளைத் தேடி ஒவ்வொரு பாறையையும் உன்னிப்பாகப் பார்த்தார்கள். பண்டைக்காலத்துப் பனியாறு உரசிச் சென்ற கீறல்கள் அந்தப் பாறைகளில் இருந்தன. அது சுமந்துவந்து உச்சியில் விட்டுப்போன உருண்டைக் கற்கள் இருந்தன. அது தள்ளிக் குவித்த கல்மேடுகள் இருந்தன. ஆசானும் காணவில்லை, மாணவரும் காணவில்லை. பனியாறுகளைப் பற்றிய லூயி அகாஸிஸின் நூல் 1840இல்தான் வெளிவந்தது. 1842ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், உடல்நலம் சற்றே தேறியிருந்த சமயத்தில், டார்வின் தனியாக அந்த மலைப் பிரதேசத்துக்குத் திரும்பிப் போனார். இந்த முறை கீறல்களைக் கண்டார், உருண்டைக் கற்களைக் கண்டார், கல்மேடுகளையும் கண்டார். கண்டதை அந்த ஆண்டே கட்டுரையாக எழுதி வெளியிட்டார். மலையேறும் வலிமை அவருக்கு இருந்தது அதுவே கடைசித் தடவை.

(தொடரும்)