ஒரு தறப்பாள் எவ்வளவு மழை தாங்கும்?

கண்டி, ஹந்தானை தேயிலை அருங்காட்சியகத்தடியில் தொடங்கும் ‘பெக்கோ ட்ரெயில்’ நடைபாதையின் முதலாவது கட்டம் கலஹாவில் முடிகிறது. இரண்டாவது கட்டம் கலஹாவிலிருந்து லூல்கந்துரைக்குப் போகிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட தோட்டம் அது. மலைநடை போகிறவர்களில் சிலர் இரண்டு மரங்களுக்கிடையில் தொங்குபடுக்கை கட்டி, அதற்கு மேலே மெல்லிய மழைவிரிப்பொன்றை இழுத்துக் கட்டி இரவைக் கழிப்பார்கள். நம்முடைய ஏணையின் பெரிய வடிவம்தான் அந்தப் படுக்கை. அவர்களுக்கு அது ஓரிரவு விடயம்.

அதே மலைகளில் லயன் அறைகளின் துருப்பிடித்த தகரத்துக்கு மேலேயும் விரிப்பு கிடக்கிறது. அது ஓரிரவுக்கானது அல்ல. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மண்சரிவுகளால் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. அதன் பின் வந்த நிவாரணத்தில் அரிசி, பருப்போடு கூடாரமும் தறப்பாளும் இருந்தன.

வன்னியிலிருந்து வந்தவர்களுக்குத் தறப்பாளைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 2009இல் மெனிக் பாமில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதன் கீழ் கிடந்தார்கள். அந்த ஓகஸ்ட் மழையில் கூடாரங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. அவர்களில் 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வடக்கே போய்க் குடியேறிய குடும்பங்களும் இருந்தன. இன்று மலையகத்தில் தறப்பாள் வாங்கும் குடும்பங்களுக்கு அந்த அனுபவம் பயன்பட வேண்டும்.

எதைப் பார்த்து வாங்குவது?

நிவாரண நிறுவனங்கள் கொடுக்கும் வெள்ளைத் தறப்பாள் பொலித்தீன் இழைகளால் நெய்யப்பட்டு, இரண்டு பக்கமும் மெல்லிய பொலித்தீன் படலம் ஒட்டப்பட்டது. இழை பலத்தைத் தருகிறது. படலம் நீரை மறிக்கிறது. நடுவில் கறுப்பு இழை இருப்பது வெயிலைத் தடுப்பதற்கு மட்டுமல்ல. இரவில் விளக்கு எரியும்போது உள்ளே இருப்பவர்களின் நிழல் வெளியே தெரியாமலும் அது காக்கிறது. முகாமில் உடை மாற்றிய பெண்களுக்கு அதன் அருமை தெரியும்.

கடையில் விற்கும் நீலத் தறப்பாள்களும் பார்வைக்கு அதே போலத்தான் இருக்கும். வித்தியாசம் எடையில் தெரியும். நல்ல நிவாரணத் தறப்பாள் ஒரு சதுர மீற்றருக்கு 200 கிராம் அளவில் இருக்கும். 4 மீற்றருக்கு 5 மீற்றர் என்றால் 20 சதுர மீற்றர். அப்படியானால் நான்கு கிலோவுக்குக் கிட்ட நிற்க வேண்டும். 12க்கு 15 அடித் தறப்பாள் மூன்று கிலோவைத் தாண்ட வேண்டும். அதில் பாதி எடைதான் தராசில் காட்டுகிறது என்றால், அது விறகை மூடத்தான் உதவும். ஆட்கள் படுக்கிற கூரைக்கு அது போதாது.

அடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை போல ஒளிப்புள்ளிகள் தெரிந்தால் மழை அதனூடாக வரும். நகத்தால் சுரண்டும்போது படலம் செதிலாக உரிந்தால் வாங்க வேண்டாம். ஓரம் மடிக்கப்பட்டு உள்ளே கயிறு ஓடுகிறதா, கண்கள் ஒரு மீற்றர் இடைவெளிக்குள் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். காற்று முதலில் பிய்ப்பது மூலைக் கண்ணைத்தான்.

மலைநடைக்காரர்களின் விரிப்பு வேறு சாதி. சிலிக்கன் பூசிய நைலோனோ பொலியெஸ்டரோ. மடித்தால் ஒரு கைக்குள் அடங்கும். மழைக்கு நைலோன் இளகும் என்பதால் கட்டி ஒரு மணித்தியாலத்தில் மறுபடி இறுக்க வேண்டும். பொலியெஸ்டர் அவ்வளவு இளகாது.

சாய்வும் கயிறும்

ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர் நீர். 100 மில்லிமீற்றர் பெய்தால் 20 சதுர மீற்றர்த் தறப்பாளில் விழுவது 2000 லீற்றர், அதாவது இரண்டு தொன். வழிந்தோடினால் கவலையில்லை. ஒரு சதுர மீற்றர்ப் பள்ளத்தில் பத்து சென்ரிமீற்றர் நீர் தேங்கினாலே நூறு கிலோ. ஒழுகும் கூரைகளில் பல, துணியின் குற்றத்தால் அல்ல, தொய்வால் ஒழுகுபவை. எனவே இரண்டு அடிக்கு ஓரடி உயரமாவது சாய்வு வேண்டும். நடுமுகட்டில் கயிறு அல்லது மூங்கில் ஓட வேண்டும்.

ஒரு கணக்கையும் மனதில் வையுங்கள். 4க்கு 5 மீற்றர்த் தறப்பாளை முகட்டுக் கூரையாக 45 பாகையில் இழுத்தால் அதன் கீழ் கிடைக்கும் தரை சுமார் 14 சதுர மீற்றர். ஆளுக்கு 3.5 சதுர மீற்றர் மூடிய இடம் வேண்டும் என்பது சர்வதேச மனிதாபிமான அளவுகோல். ஆகவே ஒரு தறப்பாள் நான்கு பேருக்கான கூரை, கூரை மட்டுமே. சுவருக்கு வேறு தறப்பாள் வேண்டும். ஆறு பேர் குடும்பத்துக்கு ஒன்றைக் கொடுத்துப் படம் எடுக்கிறவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லலாம்.

தொங்குபடுக்கை கட்டுகிறவர்களிடமிருந்து கற்க ஒரு வித்தை உண்டு. மழைநீர் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டே உள்ளே வரும். விரிப்புக்கு வெளியே கயிற்றில் ஒரு சாண் நூலோ துணிக்கீலமோ கட்டித் தொங்கவிட்டால் நீர் அதன் வழியாக இறங்கிவிடும். லயன் கூரைக்கும் இதே வழிதான்.

கண் பிய்ந்துபோனால் தறப்பாளை வீச வேண்டாம். மழமழப்பான ஒரு சிறு கல்லைத் தறப்பாளுக்கு உட்பக்கம் வைத்து, வெளிப்பக்கமிருந்து அதன் கழுத்தைக் கயிற்றால் சுருக்கிக் கட்டுங்கள். புதிய துளை போடாமலே கட்ட இடம் கிடைக்கும்.

தகரத்தின் மேல் விரிப்பதானால், ஆணித்தலைக்கும் துருவிளிம்புக்கும் மேலே முதலில் பழைய சாக்கைப் போட வேண்டும். காற்றில் அடித்து உரசித்தான் தறப்பாள் கிழிகிறது. நேரே ஆணி அடிக்காமல் ரீப்பையை மேலே வைத்து அடித்தால் இழுவை பரவும். பாரத்துக்கு டயர் போடுகிறவர்கள் அதில் நீர் தேங்காதபடி துளையிட வேண்டும். இல்லாவிட்டால் டெங்கு நுளம்புக்கு வீடு கட்டிக் கொடுத்ததாகிவிடும்.

ஒழுகினால்

பொலித்தீனில் பெயின்ற், சிலிக்கன், சாதாரணப் பசை எதுவும் நிலையாகப் பிடிக்காது. சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, நன்றாகக் காயவைத்து, இரண்டு பக்கமும் அகலமான ஒட்டுநாடாவை ஒட்டுவதுதான் வழி. மூலைகளை வட்டமாக வெட்டினால் நாடா உரியாது. ஊசியால் தைத்தால் ஒவ்வொரு தையலும் ஒரு துளை; தைத்தே ஆகவேண்டுமென்றால் மேலே நாடா வேண்டும்.

சிலிக்கன் பூசிய மலைநடை விரிப்புக்கு சிலிக்கன் பசையை வைற் ஸ்பிரிட்டில் கரைத்துத் தூரிகையால் தையல்களில் பூசலாம். பொலியுரித்தேன் பூசியதற்கு அதே வகைப் பசை வேண்டும். ஈரத்தோடு மடித்து வைத்த பொலியுரித்தேன் விரிப்பு பிசுபிசுத்து நாறத் தொடங்கினால் அதன் காலம் முடிந்தது. பருத்திக் கன்வஸ் கூடாரம் கிடைத்தவர்கள் முதலில் ஒரு தடவை நனைத்துக் காயவிட வேண்டும். இழை ஊதித் துளைகள் அடைபடும். மழையின்போது உட்பக்கத்தில் கை, முதுகு படக் கூடாது. தொட்ட இடத்தால் நீர் இறங்கும்.

மழை இல்லாத விடியலில் தறப்பாளின் உட்புறம் சொட்டினால் அது ஒழுக்கு அல்ல. மலைக்குளிரில் நம் மூச்சும் அடுப்பு ஆவியும் படிந்த நீர் அது. முகட்டின் இரண்டு முனையிலும் காற்றுப் போக இடம் விட்டால் குறையும். பொலித்தீன் சட்டென்று தீப்பிடித்து உருகிச் சொட்டும். குப்பி விளக்கும் விறகடுப்பும் தறப்பாளுக்குக் கீழே வேண்டவே வேண்டாம்.

தறப்பாளால் முடியாதது

கூரையிலிருந்து வழியும் நீரை ஏற்கெனவே உள்ள கானுக்குத் திருப்புங்கள். சரிவின் விளிம்பில் கொட்டினால் மண் ஊறி இளகும். மண்சரிவு எச்சரிக்கையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று நிலைகளில் விடுக்கிறது: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை விழிப்பு, 100 எச்சரிக்கை, 150 வெளியேற்றம். நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரம், இல்லாத இடத்தில் ஊற்று, திடீரென்று கலங்கிய நீர் ஆகியவற்றைக் கண்டால் எண்ணிக்கைக்குக் காத்திருக்காமல் வெளியேறி 117க்கு அறிவிக்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களை மூடிய மண்ணுக்கு எந்தக் கூரையும் ஒரு பொருட்டாக இருக்கவில்லை.

நிவாரணத் தறப்பாள் ஓரிரு ஆண்டுக்கென்றே செய்யப்படுகிறது. பிறகு வெயில் அதை நொறுக்கிவிடும். மெனிக் பாமின் கடைசிக் குடும்பங்கள் வெளியேறியது 2012 செப்டெம்பரில். தற்காலிகம் என்ற சொல் அங்கே மூன்றாண்டைத் தாண்டியது. தோட்டத்தில் அது இன்னும் நீளும் ஆபத்து உண்டு. பெரும்பாலான லயன் அறைகளுக்கு உறுதி இல்லை. காணி யாருடையது என்று தோட்ட நிர்வாகமும் பிரதேச செயலகமும் பேசிக்கொண்டிருக்கும்போது தறப்பாள் கிழிந்துவிடும்.

அதனால் இன்னொரு வேலை. தறப்பாள் கிடைத்த நாளிலேயே, அழியாத மையால் அதன் மூலையில் திகதியையும் தந்தவர் யார் என்பதையும் எழுதி, ஒரு படம் எடுத்து வையுங்கள். மழைக்கு அது எந்த விதத்திலும் உதவாது. ஆனால் அடுத்த ஆண்டு வீட்டுக்கும் காணிக்கும் கேட்டுப் போகும்போது, எத்தனை மாதமாகத் தறப்பாளின் கீழ் இருக்கிறோம் என்பதை யாரும் மறுக்க முடியாது.